தந்தி ஆடுவதற்கு இடம்: பேஸ் கிட்டார் ‘செட்டப்’ ஓர் அறிமுகம்

புதிதாக பேஸ் கிட்டார் வாங்கியவர் முதல் வாரத்திலேயே சந்திக்கும் சங்கடம் ஒன்று உண்டு. நான்கு தந்திகளில் மிகத் தடித்த ‘இ’ தந்தியை மூன்றாவது ஃப்ரெட்டில் (வீணையின் மெட்டைப் போன்ற குறுக்குக் கம்பியில்) அழுத்தி மீட்டுகிறார். எதிர்பார்த்த கனத்த ஒலியோடு, தகரத்தின் மேல் மணலைக் கொட்டியதைப் போன்ற ஒரு கரகரப்பும் சேர்ந்து வருகிறது. இன்னும் அழுத்திப் பிடித்துப் பார்க்கிறார், விரல் நுனி வலிக்கிறதே தவிர கரகரப்பு போவதில்லை. தன் கைதான் சரியில்லை என்றோ, வாங்கிய கிட்டார் மட்டமானது என்றோ முடிவுக்கு வந்துவிடுகிறார். நான் என் முதல் கிட்டாரை இந்தக் காரணத்துக்காகவே விற்றுவிட இருந்தேன். மூத்த நண்பர் ஒருவர் ஒரு ஆலன் கீயையும் ஒரு இரும்பு ஸ்கேலையும் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து சில இடங்களைத் திருகித் தந்த பிறகு, அதே கிட்டார் அதே கைகளில் வேறொரு வாத்தியமாக ஒலித்தது. அவர் அன்று செய்த வேலைக்குத்தான் ‘செட்டப்’ என்று பெயர்.

செட்டப் என்பது கிட்டாரின் சில அளவுகளை ஒன்றுக்கொன்று இசைவாக அமைத்துக்கொள்வது. நெக்கின் (விரல்கள் தந்தியை அழுத்தும் நீண்ட கழுத்துப் பகுதியின்) வளைவு, தந்தி ஃப்ரெட்டுகளுக்கு மேல் நிற்கும் உயரம், நட்டில் (நெக்கின் தலைமுனையில் தந்திகள் அமரும் சிறு துண்டில்) உள்ள பள்ளங்களின் ஆழம், பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் காந்தக் கருவியின்) உயரம், ஒவ்வொரு தந்தியின் நீளம் ஆகியவை அந்த அளவுகள். கேட்பதற்கு ஐந்து தனித்தனி வேலைகளாகத் தோன்றினாலும், கடைசி இரண்டைத் தவிர மற்றவை ஒரே கேள்விக்கான விடைகள்: மீட்டப்பட்ட தந்தி ஆடுவதற்கு எவ்வளவு இடம் வேண்டும், அந்த இடம் எங்கே வேண்டும்? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தத் திருகு எதற்கு என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

‘இ’ தந்தியை எதையும் அழுத்தாமல் மீட்டிவிட்டுப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அது ஒரு வினாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது, ஆகவே அதன் ஆட்டம் கண்ணுக்கே ஒரு மங்கலான பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டை எல்லா இடத்திலும் ஒரே அகலத்தில் இருப்பதில்லை. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சுழற்றும் ஸ்கிப்பிங் கயிற்றைப் போல, முனைகளில் அசைவே இல்லாமலும் நடுவில் மிக அகலமாகவும் இருக்கும். சாதாரண ஆறு தந்தி கிட்டாரைவிட பேஸ் தந்தி தடிமனானது, நீளமானது, சுருதியில் ஒரு ஸ்தாயி கீழே இருப்பது. அதனால் அதன் ஆட்டமும் பெரியது. அந்த ஆட்டத்தின் வழியில் ஏதாவது ஒரு ஃப்ரெட்டின் தலை குறுக்கிட்டால், தந்தி அதில் ஒவ்வொரு சுற்றிலும் போய் மோதுகிறது. அந்த மோதல்தான் நாம் கேட்ட கரகரப்பு.

அப்படியானால் தந்தியை நன்றாக மேலே தூக்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். தூக்கினால் கரகரப்பு நிச்சயமாகப் போய்விடும். ஆனால் அழுத்த வேண்டிய தூரம் கூடுவதால் கை சோர்ந்துவிடும், அழுத்தும்போது தந்தி அதிகமாக இழுபட்டு சுருதியும் ஏறிவிடும். சுருதி சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே ஃப்ரெட் வைத்துப் பிறந்த வாத்தியம் இது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட முதல் பேஸ் கிட்டாருக்கு ‘பிரிசிஷன் பேஸ்’ என்று பெயரிட்டதன் காரணம் அதுதான். அதற்கு முன்பு நடனக் குழுக்களில் வாசிக்கப்பட்ட ஆளுயர டபுள் பேஸில் ஃப்ரெட் கிடையாது. விரல் ஒரு நூலளவு தள்ளி விழுந்தாலும் சுரம் பிசகிவிடும். ஃப்ரெட் வைத்த மின் பேஸ் ஒன்றை 1930-களிலேயே சியாட்டிலில் பால் டட்மார்க் செய்து விற்றிருக்கிறார் என்றாலும், உலகம் முழுவதும் பரவி வழக்கமானது ஃபெண்டரின் வடிவம்தான். அவர் தேர்ந்தெடுத்த 34 அங்குலத் தந்தி நீளம், அதாவது சுமார் 864 மில்லிமீட்டர், இன்று விற்கும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களிலும் அப்படியே நீடிக்கிறது.

நான்கு தந்திகளையும் சுருதிக்கு ஏற்றி முடிக்கும்போது அவை நெக்கை இழுக்கும் மொத்த விசை, ஏறத்தாழ 80 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். வளர்ந்த ஆள் ஒருவர் இரவும் பகலும் அந்த மரத்துண்டின் முனையில் தொங்கிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். எவ்வளவு உறுதியான மேப்பிள் மரமானாலும் அந்த இழுப்புக்கு வில்லைப் போல முன்பக்கமாக வளையத்தான் செய்யும். அதைச் சமன்செய்ய நெக்கின் உள்ளே நெடுக ஒரு எஃகுக் கம்பி பதிக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் டிரஸ் ராட். கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மக்ஹ்யூ 1920-களில் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. தந்திகள் நெக்கை ஒரு பக்கம் இழுக்க, டிரஸ் ராட் மறுபக்கம் இழுக்கிறது. இந்தக் கயிறிழுப்புப் போட்டியில் எந்தப் பக்கமும் ஜெயிக்காமல், தந்திகளின் பக்கம் ஒரு மயிரிழை மட்டும் ஓங்கியிருக்குமாறு வைத்துக்கொள்வதே செட்டப்பின் முதல் படி.

அந்த மயிரிழை ஏன் வேண்டும் என்பதற்கு ஸ்கிப்பிங் கயிறே விடை சொல்கிறது. தந்தியின் ஆட்டம் நடுவில்தான் அகலம் என்பதால், அதற்குக் கீழே இருக்கும் விரல்பலகையும் நடுப்பகுதியில் சற்றே தாழ்ந்திருந்தால் தந்தியைக் குறைந்த உயரத்தில் வைத்துக்கொண்டே மோதலைத் தவிர்க்கலாம். விரல்பலகையின் இந்த மெல்லிய குழிவைத்தான் ‘ரிலீஃப்’ என்கிறார்கள். ரிலீஃப் துளியும் இல்லாமல் நெக் நேராகவோ, அதைவிட மோசமாகப் பின்பக்கமாக வளைந்தோ இருந்தால், முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் கரகரப்பு கேட்கும். மிக அதிகமாக இருந்தால் நெக்கின் நடுவில் தந்தி மிக உயரமாக நின்று விரலைப் படுத்தும்.

இதை அளப்பது எளிது. முதலில் நான்கு தந்திகளையும் சுருதி சேர்த்துவிட வேண்டும். தளர்ந்த தந்தியோடு அளந்தால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இல்லை. கிட்டாரை மேசையில் கிடத்தாமல், வாசிக்கும் நிலையில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ‘இ’ தந்தியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கேப்போவால் (தந்தியை அழுத்திப் பிடிக்கும் கவ்வியால்) கட்டிவிட்டு, மறுமுனையில் கடைசி ஃப்ரெட்டில் ஒரு விரலால் அழுத்துங்கள். இப்போது அந்தத் தந்தி இரண்டு புள்ளிகளுக்கு இடையே கொத்தனார் கட்டிய நூலைப் போல நேர்கோடாக நிற்கிறது. நடுவில், ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டின் அருகே, தந்தியின் அடிப்பகுதிக்கும் ஃப்ரெட்டின் தலைக்கும் இடையே தெரியும் இடைவெளிதான் ரிலீஃப். ஃபெண்டர் நிறுவனம் தன் பேஸ் கிட்டார்களுக்குச் சொல்லும் அளவு, விரல்பலகையின் குறுக்கு வளைவைப் பொறுத்து 0.25 முதல் 0.35 மில்லிமீட்டர் வரை. ஓரளவு கெட்டியான விசிட்டிங் கார்டு ஒன்று தந்தியைத் தூக்காமல், அதே சமயம் உரசிக்கொண்டு நுழைகிறதென்றால் ஏறத்தாழ அந்த அளவில் இருக்கிறது என்று பொருள். துல்லியமாக வேண்டுமென்றால், இருசக்கர வண்டி மெக்கானிக்குகள் டேப்பட் இடைவெளி பார்க்கப் பயன்படுத்தும் ஃபீலர் கேஜை எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம். கிட்டாருக்கென்று தனியாக விற்கப்படும் கருவிக்கும் அதற்கும் இந்த வேலையில் வேறுபாடு எதுவும் இல்லை.

இடைவெளி கூடுதலாக இருந்தால் டிரஸ் ராட்டின் முனையில் உள்ள திருகு நட்டை (தந்திகள் அமரும் நட் வேறு) வலமாகத் திருப்பி இறுக்க வேண்டும். குறைவாக இருந்தால் இடமாகத் திருப்பித் தளர்த்த வேண்டும். இந்த இடத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பவே கூடாது. திருப்பியவுடன் மறுபடி சுருதி சேர்த்து, மரம் புதிய நிலைக்குப் பழகச் சிறிது நேரம் விட்டு, திரும்பவும் அளக்க வேண்டும். ஆலன் கீயின் அளவும் சரியாகப் பொருந்த வேண்டும். அங்குலக் கணக்கில் செய்யப்பட்ட நட்டுக்கு மில்லிமீட்டர் கீயைப் போட்டால், கிட்டத்தட்டப் பொருந்துவதுபோலத் தோன்றிவிட்டு உள்விளிம்பை மழித்துவிடும். 3/16 அங்குலம் என்பது 4.76 மில்லிமீட்டர். அதில் 5 மில்லிமீட்டர் கீ நுழையாது, 4.5 மில்லிமீட்டர் கீ ஆடும். விளிம்பு மழுங்கிய டிரஸ் ராட் நட்டைச் சரிசெய்வது பெரிய செலவு. திருப்பும்போது கை கடினமாக உணர்ந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவதுதான் முறை.

நெக் அமைந்த பிறகுதான் தந்தியின் உயரத்துக்கு வர வேண்டும். வாசிப்பவர்கள் இதை ‘ஆக்‌ஷன்’ என்பார்கள். பதினேழாவது ஃப்ரெட்டின் தலையிலிருந்து தந்தியின் அடிவரை, அரை மில்லிமீட்டர் கோடுகள் உள்ள இரும்பு ஸ்கேலால் அளக்கலாம். ‘இ’ தந்திக்கு 2.4 மில்லிமீட்டர், மெல்லிய ‘ஜி’ தந்திக்கு 2 மில்லிமீட்டர் என்பது தொடங்குவதற்கு நல்ல அளவு. விரல்பலகை மிகவும் உருண்டையாக இருக்கும் பழைய பாணி கிட்டார்களில் இரண்டையும் 0.4 மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளலாம். பிரிட்ஜில், அதாவது கிட்டாரின் உடல்பக்கத்தில் தந்திகளின் முனையைப் பிடித்திருக்கும் உறுப்பில், ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சிறு துண்டுக்கு சேடில் என்று பெயர். அதன் இரு பக்கமும் உள்ள நுண்ணிய திருகுகளைச் சமமாகத் திருப்பி உயரத்தை மாற்ற வேண்டும்.

இந்த எண்கள் சட்டம் அல்ல. தந்திக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது அதை எவ்வளவு பலமாக மீட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனப் பாடல்களில் 1960-களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், மேல்சுற்றுக் கம்பி பட்டையாக உள்ள தடித்த ஃப்ளாட்வவுண்டு தந்திகளை மிக உயரமாக வைத்து, பெரும்பாலும் வலது கையின் ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டியவர். அவருடைய பிரிசிஷன் பேஸை நம்மில் பலரால் பத்து நிமிடம் தொடர்ந்து வாசித்திருக்க முடியாது. அந்த உயரம் அவருடைய கைக்கும் அவர் விரும்பிய உருண்டையான ஒலிக்கும் பொருந்தியது. மெதுவாகத் தொட்டு வேகமாக வாசிப்பவருக்கு 1.5 மில்லிமீட்டரே போதுமாக இருக்கலாம். அடுத்தவர் தன் கிட்டாரின் ஆக்‌ஷன் இத்தனை தாழ்வு என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டு நம்முடையதையும் அப்படி இறக்கிக்கொள்வது, அடுத்தவர் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்வதற்குச் சமம். ஆம்பில் (ஒலிபெருக்கியில்) கேட்காமல் அறையில் மட்டும் காதில் விழும் லேசான கரகரப்பைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்பது என் கருத்து. தந்தியைத் தாழ்வாக வைத்திருப்பவர்கள் பலரிடமும் அது இருக்கும்.

எங்கள் தெருவில் கற்றுக்கொண்டிருக்கும் ஒரு பையன் சில மாதங்களுக்கு முன்பு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். “அண்ணா, எங்க வெச்சாலும் கரகரங்குது, நெக் போயிடுச்சுன்னு நினைக்கிறேன்” என்றான். “நெக் எங்கயும் போகல தம்பி, முதல்ல எந்த ஃப்ரெட்ல கேக்குதுன்னு வாசிச்சுக் காட்டு” என்றேன். ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்துப் பார்த்தபோது, தந்தியை அழுத்தாமல் மீட்டும்போதும் முதல் நான்கு ஃப்ரெட்டுகளிலும் மட்டுமே கரகரப்பு இருந்தது. அதற்கு மேலே எல்லாம் சுத்தம். கேப்போ வைத்து அளந்தால் எட்டாவது ஃப்ரெட்டில் மெல்லிய நோட்டுத்தாள் ஒன்றுகூட நுழையவில்லை. அதாவது ரிலீஃப் தொலைந்திருந்தது. காரணத்தை அவனே அடுத்த வாக்கியத்தில் சொல்லிவிட்டான். விரல் வலிக்கிறதென்று, 45 முதல் 105 வரையிலான வழக்கமான தந்திக் கட்டைக் கழற்றிவிட்டு 40 முதல் 95 வரையிலான மெல்லிய கட்டைப் போட்டிருந்தான். இந்த எண்கள் தந்தியின் விட்டத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளாகக் குறிப்பவை. தந்தி மெலிந்தால் அதே சுருதியில் அதன் இழுவிசையும் குறையும். கயிறிழுப்பில் ஒரு பக்கத்திலிருந்து ஆள் விலகியதும் டிரஸ் ராட் நெக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கால் சுற்று தளர்த்தி, அரை மணி நேரம் கழித்து மறுபடி அளந்து, இன்னொரு சிறு திருப்பம் கொடுத்ததும் கரகரப்பு அடங்கியது. அவன் முகத்தைப் பார்த்தபோது, எனக்கு அன்று அந்த முக்கால் மணி நேரத்தைக் கொடுத்த நண்பரை நினைத்துக்கொண்டேன்.

கரகரப்பு எழும் இடமே பெரும்பாலும் காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். முதல் சில ஃப்ரெட்டுகளில் மட்டும் என்றால் ரிலீஃபைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டுக்கு மேல் மட்டும் என்றாலும், நெக் முழுவதும் பரவலாக என்றாலும் தந்தியின் உயரம் போதவில்லை என்று கொள்ளலாம். அழுத்தாமல் மீட்டும்போது மட்டும் கரகரத்து, எந்த ஃப்ரெட்டில் வைத்தாலும் சுத்தமாகிவிடுகிறதென்றால் நட்டின் பள்ளம் தேய்ந்து ஆழமாகிவிட்டது. ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால், அதற்கு அடுத்து மேலே உள்ள ஃப்ரெட் எழும்பியிருக்கிறது. கடைசி இரண்டும் அரம் பிடித்துப் பழகிய கைகளுக்கு உரிய வேலைகள், வீட்டில் முயல வேண்டாம்.

அடுத்தது சுருதிச் சுத்தம். ஆங்கிலத்திலிருந்து வந்த ‘இன்டோனேஷன்’ என்ற சொல்லையே எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். இதைப் புரிந்துகொள்ள வீணை நமக்கு நன்றாக உதவும். வீணையில் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் பதிக்கப்பட்டிருக்கின்றன. காலப்போக்கில் மெழுகு இளகி மெட்டுகள் இடம் பிசகினால், தேர்ந்தவர் ஒருவர் காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு மெட்டையும் நகர்த்தி மீண்டும் பதிக்கிறார். அதை மேளம் கட்டுதல் என்பார்கள். கிட்டாரில் ஃப்ரெட்டுகள் மரத்தில் வெட்டிய பள்ளத்தில் அடித்து இறக்கப்பட்டவை, அவற்றை நகர்த்த முடியாது. ஆகவே மறுமுனையில் இருப்பதை நகர்த்துகிறோம். வீணைக்காரர்கள் குதிரை என்று சொல்லும் உறுப்பு இங்கே நான்கு தனித்தனி சேடில்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் முன்னும் பின்னும் நகரக்கூடியதாக இருக்கிறது.

பன்னிரண்டாவது ஃப்ரெட் தந்தி நீளத்தின் சரிபாதியில், அதாவது நட்டிலிருந்து 17 அங்குலத்தில் இருக்கிறது. பாதி நீளம் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்க வேண்டும் என்பது கணக்கு. நடைமுறையில் அப்படியே நடப்பதில்லை. தந்தியை அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபடுகிறது, இழுபட்டால் சுருதி ஏறுகிறது. தடித்த தந்தி விறைப்பானது என்பதால் முனைகளுக்கு அருகில் அது முழுமையாக வளைந்து ஆடுவதும் இல்லை. இந்த இரண்டுக்கும் ஈடாகத் தந்தியின் நீளத்தைச் சற்றுக் கூட்டிக் கொடுக்கிறோம். அதனால்தான் சீராக அமைந்த எந்த பேஸின் பிரிட்ஜைப் பார்த்தாலும் ‘ஜி’ தந்தியின் சேடில் நெக்குக்கு அருகிலும், ‘இ’ தந்தியின் சேடில் மிகப் பின்னாலும் படிக்கட்டுபோல நிற்கும்.

சோதிக்கும் முறை இது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல், இறகு பட்டதைப்போல விரலை வைத்து மீட்டிவிட்டு உடனே விரலை எடுத்தால் மணி போன்ற ஒரு ஒலி வரும். அது ஹார்மோனிக். அதை ட்யூனரில் சரியாக நடுவில் நிற்கும்படி சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு அதே பன்னிரண்டாவது ஃப்ரெட்டில், வாசிக்கும்போது அழுத்தும் அதே அளவு மட்டும் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாகக் காட்டினால் அந்தத் தந்தி சுத்தம். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் தந்தியின் நீளம் போதவில்லை, சேடிலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இறங்கியிருந்தால் முன்னுக்குத் தள்ள வேண்டும். சேடிலை நகர்த்தும் முன் தந்தியைச் சற்றுத் தளர்த்திவிட்டு, நகர்த்திய பின் மறுபடி சுருதி சேர்த்துச் சோதிக்க வேண்டும். அரை சுரத்தை நூறாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். இரண்டு மூன்று சென்ட் வித்தியாசத்துக்காக ஒரு மாலைப்பொழுதைச் செலவிட வேண்டியதில்லை, அழுத்தும் விரலின் பலத்திலேயே அவ்வளவு மாறும். பத்து சென்ட் என்றால் காது கண்டுபிடித்துவிடும், மற்ற வாத்தியங்களோடு சேரும்போது பாட்டு முழுவதுமே கலங்கியதுபோலக் கேட்கும்.

இதைப் பழைய தந்தியில் செய்யக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். வியர்வையும் அழுக்கும் படிந்த தந்தி ஒரே சீரான எடையோடு இருப்பதில்லை. அதில் எவ்வளவு திருத்தினாலும் சுத்தம் நிலைக்காது. தந்தி மாற்றும்போது இரண்டு சிறு செயல்களைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். ஒன்று, நீளம் கூடுதலான முனையை வெட்டுவதற்கு முன் அந்த இடத்துக்குச் சற்று முன்னால் தந்தியைச் செங்கோணமாக மடக்கிக்கொள்வது. அப்படி மடக்காமல் வெட்டினால் மேலே சுற்றியிருக்கும் கம்பி உள்கம்பியிலிருந்து நழுவித் தந்தி உயிரற்று ஒலிக்கக்கூடும். மற்றது, புதிய தந்தியை ஏற்றிய பிறகு சேடிலை ஒட்டியும் நட்டை ஒட்டியும் கட்டைவிரலால் மெல்ல அழுத்திவிடுவது. தடித்த தந்தி சேடிலைத் தாண்டியவுடன் ஒரு சிறு வளைவாக எழும்பி இறங்கும் இயல்புடையது. அந்த வளைவு நிமிர்ந்தால்தான் சுருதி நிலைக்கும்.

ரவுண்டுவவுண்டா, ஃப்ளாட்வவுண்டா என்பது பேஸ் வாசிப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பத்து நிமிடத்துக்குள் எழும் பேச்சு. மேல்சுற்றுக் கம்பி உருண்டையாக இருந்தால் பளிச்சென்ற ஒலியும் விரலில் சொரசொரப்பும், பட்டையாக இருந்தால் மழுங்கிய கனமான ஒலியும் வழுவழுப்பும் கிடைக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது தந்தியின் இழுவிசையும் பெரும்பாலும் மாறுவதால், அந்தப் பையனுக்கு நேர்ந்தது நமக்கும் நேரும் என்பதை எதிர்பார்த்து ரிலீஃபை மறுபடி அளக்க வேண்டும். எதை விரும்புவது என்பது அவரவர் காதைப் பொறுத்தது. தொடங்குபவருக்கு ரவுண்டுவவுண்டையே நான் சொல்வேன், பிழைகளை ஒளிக்காமல் காட்டும் என்பதுதான் அதற்குக் காரணம்.

பிக்கப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அதில் உள்ள காந்தம் தந்திக்கு மிக அருகில் இருந்தால் ஒலி பெரிதாகும், ஆனால் காந்தம் தந்தியைப் பற்றி இழுப்பதால் அதன் ஆட்டம் கெட்டு சுரம் நடுங்கத் தொடங்கும். கடைசி ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு பார்க்கும்போது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதிலிருந்து தொடங்கி, நான்கு தந்திகளும் ஒரே பலத்தோடு கேட்கும்வரை சாய்த்துச் சாய்த்துச் சரிசெய்தால் போதும். ஆம்பில் கேட்கும் ‘ம்ம்ம்’ என்ற தொடர் இரைச்சல் செட்டப்போடு சேர்ந்ததல்ல. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ‘இ’ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் பிறக்கும் சுரம் 49 ஹெர்ட்ஸ். இரண்டும் இவ்வளவு நெருங்கியிருப்பதால் அந்த இரைச்சல் பேஸ் வாசிப்பவரை மற்றவர்களைவிட அதிகமாகத் தொந்தரவு செய்கிறது. ஆம்பை எர்த் உள்ள மூன்று முனை பிளக்கில் மட்டுமே இணைக்க வேண்டும். எர்த் முனையை ஒடித்துவிட்டு இரைச்சலைக் குறைக்கும் வழக்கத்தை நான் சிலரிடம் பார்த்திருக்கிறேன். தந்தியைத் தொட்டுக்கொண்டிருக்கும் கை வழியாக உயிர் போகக்கூடிய காரியம் அது, ஒருபோதும் செய்யாதீர்கள்.

ஒருமுறை செய்த செட்டப் எவ்வளவு நாள் தாங்கும் என்பதைத் தட்பவெப்பம் தீர்மானிக்கிறது. மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும், உலரும்போது சுருங்கும். சென்னை போன்ற கடலோர ஊரில் ஐப்பசி மழையில் இருக்கும் அறையும், சித்திரையில் இரவெல்லாம் ஏசி ஓடும் அறையும் கிட்டாருக்கு இரண்டு வேறு ஊர்கள். விரல்பலகை சுருங்கிவிட்டால், சுருங்காத ஃப்ரெட் கம்பிகளின் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு நெக்கின் மேல் ஓடும் உள்ளங்கையைக் கீறும். அப்படிக் கீறத் தொடங்கினால் நெக்கின் வளைவும் மாறியிருக்க வாய்ப்பு அதிகம் என்று கொண்டு உடனே அளந்து பார்ப்பது நல்லது. ஏசி காற்று நேரே படும் சுவரில் மாட்டாமல், உறையில் போட்டு வைத்தாலே இந்த மாற்றம் பெருமளவு தணியும். நான் மழைக்காலத் தொடக்கத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் அளக்கிறேன். பாதி நேரம் எதையும் திருப்ப வேண்டிய தேவையே இருப்பதில்லை.

புதிய பிக்கப், புதிய பெடல், வேறு மரம் என்று வாங்குவதற்கான பொருள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது இனிமையானது, நானும் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். ஆனால் தொடங்கி ஓராண்டுகூட ஆகாதவர் என்ன வாங்கலாம் என்று கேட்டால், கையில் இருக்கும் கிட்டாருக்கு ஒரு புதிய தந்திக் கட்டு, ஒரு ட்யூனர், ஒரு ஃபீலர் கேஜ், சரியான அளவு ஆலன் கீ ஆகியவற்றை மட்டும் சொல்கிறேன். கூடவே ஒரு சிறு குறிப்பேடும் வேண்டும். எந்தத் தேதியில், எந்தத் தந்தி போட்டு, ரிலீஃப் எவ்வளவு இருந்தது, பதினேழாவது ஃப்ரெட்டில் நான்கு தந்திகளின் உயரம் எவ்வளவு, டிரஸ் ராட்டை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பினோம் என்று ஒவ்வொரு முறையும் எழுதி வைத்துக்கொண்டால், எங்காவது தவறிவிட்டாலும் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்கும். நட்டை மாற்றவோ ஃப்ரெட்டுகளைச் சமப்படுத்தவோ பழுதுபார்ப்பவரிடம் போகும் நாளில் அந்தக் குறிப்பேட்டை எடுத்துச்சென்று காட்டுங்கள். ‘நன்றாக வாசிக்கும்படி செய்து கொடுங்கள்’ என்பதைவிட, ‘இ தந்தி பதினேழில் 2.4 இருக்கட்டும், நான் பலமாக மீட்டுவேன்’ என்று சொன்னால் அவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துவிடும்.